நான்காம் பக்கத்தில் அப்பா

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் அம்சவல்லி அக்காவின் ஜெராக்ஸ் கடை.

கடை மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. பென் டிரைவைக் கொடுத்தால் அக்கா கோப்பைத் திறப்பார். திறந்ததும் படிப்பார். மனதுக்குள் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆதார் அட்டையானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் வாய்விட்டுத்தான். என் முதல் கதையின் முதல் பத்தியை, வலை வியாபாரிகளுக்கும் ஒரு போலீஸ்காரருக்கும் நடுவில் வைத்துப் படித்தார்.

"'அவள் மௌனமாக அழுதாள்.' ஏம்மா, சத்தமா அழுதா இன்னா?"

போலீஸ்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பென் டிரைவை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

(பென் டிரைவை அப்படிச் சட்டென்று உருவக் கூடாது. எனக்குத் தெரியும். அன்றைக்கு முறை பார்க்கவில்லை.)

நான் கதை அனுப்பும் பத்திரிகை, தாளில் அச்சிட்டு வந்தால்தான் வாங்கும். வருஷத்துக்கு இரண்டு கதை எழுதுவேன். மழை நன்றாகப் பெய்தால் மூன்று. ஆகவே வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்போதாவது மட்டும் வேலை செய்ய வேண்டும். வாய்விட்டுப் படிக்கக் கூடாது.

2

முதல் வரிகளாக எழுதிப் பார்த்தவை:

"உப்புக் காற்றில் எல்லாமே துருப்பிடிக்கும், நினைவுகள் உட்ப—"

(நினைவு இரும்பல்ல. நான் வேதியியல் படித்தவள். அடித்துவிட்டேன்.)

"அன்று காலையிலிருந்தே பூங்குழலியின் மனம்—"

(மனம் என்ன செய்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அது ஒன்றும் செய்யவில்லை.)

"பூங்குழலி ஒரு பிரிண்டர் வாங்க முடிவு செய்தாள்."

இதை வைத்துக்கொண்டேன். பூங்குழலி என் கதாநாயகி. வேதியியல் பட்டதாரி. இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில், ஆய்வகத்தில் வேலை. நாள் முழுக்கத் தண்ணீரின் உப்பை அளப்பாள். அதிகம் பேச மாட்டாள். இதுவரை நானேதான். வித்தியாசம் இருக்கட்டுமே என்று அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டினேன்.

அவளுடைய அப்பா குத்தகைக்கு உப்பளம் எடுத்திருப்பவர். அவருக்கும் பெயர் வைக்கப் பார்த்தேன். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் எங்கள் அப்பா அரசப்பன்தான் திரும்பிப் பார்த்தார். பெயரில்லாமலே விட்டுவிட்டேன்.

3

கதையின் முதல் மூன்று பக்கங்களில், கடைக்குக் கிளம்பும் வரை நடப்பது, எங்கள் வீட்டில் நடந்ததேதான். கற்பனை செய்ய எனக்குச் சோம்பல்.

நிஜத்தில் அப்பாவும் நானும் பாண்டிச்சேரியில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளரின் சட்டையில் வெற்றிச்செல்வன் என்று எழுதியிருந்தது. எவ்வளவு பிரிண்ட் எடுப்பீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் கீழே பார்த்தேன். எப்பனா ஒருவாட்டிதான் என்று அப்பா சொன்னார். அப்படியானால் இங்க் மெஷின் வேண்டாம், சும்மா கிடந்தால் மை காய்ந்து ஊசித்துளை அடைத்துக்கொள்ளும், லேசர் எடுங்கள், அதில் மை இல்லை, பொடிதான், காய்வதற்கு ஒன்றுமே இல்லை என்றார் வெற்றிச்செல்வன். நல்ல மனிதர். உண்மையைச் சொன்னார்.

அப்பாவுக்குப் பொடி என்ற சொல் பிடிக்கவில்லை.

"எங்க ஊர்ல காப்பித்தூளே டப்பா தொறந்து வெச்சா கல்லாயிடும் தம்பி. சோப்புத் தூள ஒடச்சித்தான் போடறோம். பவுடர் பூசணும்னா கூட சொரண்டித்தான் பூசணும். இதுல நீ பொடி விக்கற."

"சார், இது அந்த மாதிரி பொடி இல்ல."

"எந்தப் பொடியா இருந்தா இன்னா? காத்து ஒண்ணுதான?"

பிறகு அப்பா இங்க் மெஷினைக் கையால் தட்டிப் பார்த்தார், பம்புசெட்டைத் தட்டிப் பார்ப்பது போல.

"தண்ணின்னா நமக்குத் தெரியும். காயாம பாத்துக்கறத எங்களுக்கு எவனும் சொல்லித் தர வேணாம்."

உப்பளப் பாத்தியில் உப்பு நீர் அளவுக்கு மீறிக் காய்ந்தால் உப்பு கெட்டுப்போகும். காயக் காயப் புது நீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா வாழ்நாள் முழுவதும் செய்துவரும் வேலை இது. ஆகவே காய்கிற மெஷின் அவருக்குப் பழகியது, பொடி மெஷின் அந்நியம்.

நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். லேசர் பொடி என்பது பிளாஸ்டிக், அது ஈரத்தைக் குடிக்காது, கட்டியாகாது.* அந்த வாக்கியம் என் தொண்டை வரைக்கும் வந்தது. வெற்றிச்செல்வன் என்னைப் பார்த்தார். அது திரும்பிப் போய்விட்டது.

இங்க் மெஷின் வாங்கினோம்.

(* நம் ஊர்க் கல்லுப்பு நீர்த்துப்போவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு. காற்றிலிருந்து நீரை இழுப்பது அதுதான். சுத்தமான உப்பு அவ்வளவு இழுக்காது. இதையும் நான் அப்பாவிடம் சொன்னதில்லை. அவருடைய உப்பைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.)

4

பூங்குழலி என்னைப் போல ஏமாறக் கூடாது என்று எனக்கு இருந்தது. அவள் லேசர் வாங்க வேண்டும். ஒரு கதாநாயகிக்கு இதைக்கூட வாங்கிக் கொடுக்க முடியாவிட்டால் நான் எதற்கு எழுத வேண்டும்?

சிக்கல், அவளோடு கூட வரும் அப்பா. அவர் கடைக்குள் நுழைந்தால் காப்பித்தூள் கட்டியாவதைப் பற்றிப் பேசுவார். அவள் தரையைப் பார்ப்பாள். இங்க் மெஷின் வீட்டுக்கு வரும்.

அவரைக் கிளியனூரில் தங்கை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். காய்ச்சலில் படுக்க வைத்தேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். எழுதத் தெரிந்தவர்களுக்கு வேறு வழிகள் தெரிந்திருக்கும். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. நான்காம் பக்கத்தை இப்படி ஆரம்பித்தேன்:

"அந்த ஐப்பசியில் அப்பா இறந்துபோனார். பூங்குழலி கடைக்குப் போனாள்."

அதற்குப் பிறகு கதை எவ்வளவு நேராக ஓடியது தெரியுமா. அவள் லேசர் கேட்டாள். கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் தட்டினால் அச்சிட்டது.

ஒரு லேசர் பிரிண்டருக்காக ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறேன் என்பது அப்போது தோன்றவில்லை. வாக்கியம் சின்னதாக அமைந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

கோப்புக்குக் கதையின் பெயரை வைக்கவில்லை. யாராவது பார்த்தால்? உலகத்திலேயே சலிப்பான பெயராக யோசித்து, "நீர் ஆய்வு முடிவுகள்" என்று வைத்தேன்.

5

இங்க் மெஷின் வந்த நாளிலிருந்தே அதை அப்பா பொறுப்பெடுத்துக்கொண்டார். வாரம் ஒரு முறையாவது ஒரு தாள் எடுத்தால் மை காயாது என்று வெற்றிச்செல்வன் போனில் சொல்லிக்கொடுத்திருந்தார். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்த எண்ணைத் தட்டுவது எப்படி என்பதையும் சேர்த்து. அப்பா ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். ஞாயிறும் எனக்கு வேலை உண்டு. இறால் குஞ்சுகளுக்குக் கிழமை தெரியாது. ஆகவே நான் வீட்டில் இல்லாத காலையில்தான் மெஷினுக்குத் தண்ணீர் காட்டுவது நடந்தது. அது அப்பாவின் சொல்.

முதலில் மெஷின் தானாகவே போடும் வண்ணக் கோடுகள் உள்ள தாளை எடுத்தார். நல்ல தாள் இப்படிப் பாழாவது அவருக்குப் பொறுக்கவில்லை. எடுக்கிற தாளில் உருப்படியாக ஏதாவது இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் தேடினார்.

அங்கே "நீர் ஆய்வு முடிவுகள்" இருந்தது.

வேறு எந்த ஊரிலாவது, வேறு எந்த அப்பாவாவது அதைத் தாண்டிப் போயிருப்பார். உப்பளக்காரருக்கு அதைவிடச் சுவாரசியமான தலைப்பு உண்டா? எந்தத் தண்ணீர், எத்தனை டிகிரி உப்பு, யாருடைய கிணறு? திறந்தார். திரையில் படித்தால் அவருக்குக் கண் கூசும். ஒன்றாம் பக்கத்தை அச்சிட்டார். சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பக்கம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் பாத்தியில் உப்பு வாரும் வேலம்மாள், ஒரு திங்கட்கிழமை காலை ரோட்டில் என் ஸ்கூட்டியை நிறுத்தியபோதுதான் தெரிந்தது.

"பாப்பா, நல்லாதான் எழுதற. ஆனா அந்தப் பொண்ணுக்கு கண்ணாடி எதுக்கு? எங்களுக்குத் தெரியாதா அது யாருன்னு?"

எப்படி என்று மட்டும் கேட்டேன். டீ வரும் நேரத்தில் அப்பா நின்றுகொண்டே படிப்பாராம். எல்லோரும் வாருபலகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்களாம். ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த ஞாயிறு வரை அதைப் பற்றியே பேச்சாம். எல்லோருக்கும் பிடித்தது அந்த அப்பாதானாம்.

"அவருதான் டாப்பு. அந்தப் பொண்ணு சுத்த ஊமைன்னு நெனச்சிக்கினு இருந்தோம். நேத்து கடையில இன்னா பேச்சு பேசுச்சு. 'எங்கப்பா சொன்னா சொன்னதுதான், எடுய்யா அந்த இங்க் மெஷினை'ன்னு. கடைக்காரன் வாயத் தொறக்கலியாமே."

பூங்குழலி அப்படிப் பேசவில்லை. அப்படி ஒரு பக்கமே நான் எழுதவில்லை.

6

ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். மூன்று ஞாயிறு, மூன்று பக்கம். நேற்று நான்காவது.

அதாவது நேற்று வெயிலில், தன்னிடம் வேலை செய்யும் ஆட்களுக்கு முன்னால் அப்பா தாளை விரித்தபோது, அந்தத் தாளில் அவர் இறந்திருந்தார். அவர் ஒரு நொடி நின்றிருக்கலாம். அல்லது வீட்டிலேயே படித்துவிட்டுப் போயிருக்கலாம். எப்படியோ, தாளைப் பார்த்துக்கொண்டே வேறு ஒரு பக்கத்தைப் படித்திருக்கிறார்.

எழுதுகிறவர்கள் கையில் இருக்கும் ஆட்களைத் தமக்குத் தோதாக வளைப்பார்கள். நான் என் வசதிக்கு அவரைச் சாகடித்தேன். அவர் தன் வசதிக்கு என்னைப் பேசவைத்தார். அதுவும் அவர் பக்கமாக. யார் மோசமான எழுத்தாளர் என்று வாசகர்கள் நினைத்துக்கொள்ளலாம். (எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. சொல்ல மாட்டேன்.)

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும்—

நான் அப்பாவின் கண்களைச் சந்திக்க—

(இந்த இரண்டையும் விட்டுவிடுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.)

அப்பா கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா அடுப்பங்கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்.

"நாலாம் பக்கம் எனக்குப் புடிக்கல" என்றார் அப்பா.

நான் தட்டைப் பார்த்தேன்.

"ஐப்பசில சாவறான். ஐப்பசில உப்பளத்துல இன்னா வேலை இருக்குது? பாத்தி பூரா மழைத்தண்ணி. அவனவன் சும்மா குந்திக்கினு இருப்பான். அப்ப போயி எவன்மா சாவான்?"

"யாரு செத்தது?" என்றார் அம்மா உள்ளிருந்து.

"கதையில."

"கதையில யாரு?"

எண்ணெய் சத்தம் மட்டும் வந்தது.

"சாவறதுன்னா சித்திரைல சாவணும்" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "உப்பு வெளஞ்சு நிக்குது, வார ஆளு பத்தல, லாரி வந்து நிக்குது. அப்ப செத்தாதான் நாலு பேரு ஐயோன்னுவான். நீ சீசன் தெரியாம எழுதிட்ட."

சரி என்று தலையாட்டினேன். ஒரு விமரிசகரிடம் வேறென்ன செய்ய முடியும்?

அவர் தட்டில் சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை.

"அந்தப் பொண்ணு அடுத்த வரியிலயே கடைக்குப் போயிடுது."

தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அழுவக்கூட வேணாம். காரியம் முடியற வரைக்குமாவது வீட்ல இருக்கலாமில்ல?"

இந்த இடத்தில் பூங்குழலியாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாளா என்று யோசித்தேன். அவளும் தட்டைத்தான் பார்ப்பாள். அவளை அப்படி எழுதியதும் நான்தான். கடைசியில் என் வாயில் வந்தது இவ்வளவே: "லேசர் வாங்கணும்ப்பா. அதுக்குத்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும் வரை சிரித்தார்.

"அதுக்கா? கேட்டிருந்தா வாங்கியிருப்பமே."

வாங்கியிருக்க மாட்டார். ஆனால் அதைச் சொன்னபோது அவர் முழுக்க நம்பினார். (இதை எங்கேயும் கற்பனையாக எழுதியிருக்க முடியாது.)

சாப்பிட்டு முடித்ததும் கேட்டார், வரும் ஞாயிறு உப்பளத்தில் என்ன படிப்பது என்று. தனக்கு இதற்கு மேல் கட்டத் தெரியவில்லை, கடையைத் தாண்டிக் கதை நகர மாட்டேனென்கிறது, வேலம்மாள் கேள்வி கேட்டுக் கொல்கிறாள் என்றார். நீயே எழுதிக் கொடு, எதுவாக இருந்தாலும் தாளில் உள்ளபடி படிக்கிறேன், இனி மாற்ற மாட்டேன் என்றார்.

7

ஆகவே முடிவுகள். ஒன்றொன்றாகச் சொல்கிறேன், வேண்டாதவற்றை நீங்களே தள்ளுங்கள்.

மெஷின் பழுதாகிவிடுகிறது, கதை அத்தோடு நிற்கிறது. (அப்பா பழுது பார்த்துவிடுவார்.)

எல்லாம் பூங்குழலி கண்ட கனவு. (வேலம்மாள் என் ஸ்கூட்டியை மறுபடியும் நிறுத்துவாள்.)

பூங்குழலிக்கும் வெற்றிச்செல்வனுக்கும் காதல். (இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. பாதி வரியில் விட்டேன். அவர் நல்ல உயரம் என்ப—)

மிஞ்சியவை இரண்டு. பழைய நான்காம் பக்கத்தை அழித்துவிட்டு, இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைத்தேன்.

புது நான்காம் பக்கத்தில் அப்பா இறக்கிறார். அவர் கேட்டபடி சித்திரையில், உப்பு விளைந்து நிற்கும்போது. ஒற்றை வரியில் அல்ல, பக்கம் முழுக்க. லாரி நிற்கிறது. வாரிய உப்பு வரப்பில் குவிந்திருக்கிறது. ஆட்கள் ஓடி வருகிறார்கள். பூங்குழலி காரியம் முடியும் வரை வீட்டிலேயே இருக்கிறாள். அழுகிறாள், சத்தமாக. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு. நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் இதுதான். எழுதும்போது இரண்டு முறை எழுந்து போய், கூடத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்தேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் பக்கத்தில் அப்பா உயிரோடு இருக்கிறார். அப்பாவின் கதைப்படியே இருவரும் இங்க் மெஷினோடு பஸ்ஸில் திரும்புகிறார்கள். அனுமந்தை நிறுத்தத்தில் பூங்குழலி எழுந்து நிற்கிறாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி, நீங்கள் சொன்னது தப்பு அப்பா, அந்தப் பொடி பிளாஸ்டிக், உப்பு மாதிரி நீர்க்காது, கடையில் நான் சொன்னதெல்லாம் பொய், இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறாள். அப்பா மடியில் பெட்டியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பஸ் போகிறது.

இரண்டில் ஒன்றை அப்பா உப்பளத்தில் நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். தாளில் உள்ளபடி. ஒன்றில், எல்லோர் முன்னாலும் அவரே தன் சாவைப் படிப்பார். மற்றதில், எல்லோர் முன்னாலும் அவரே தன் தப்பைப் படிப்பார், அதுவும் பெற்ற பெண் வாயால். தன்னிடம் கூலிக்கு வருகிறவர்கள் முன்னால் ஓர் உப்பளக்காரருக்கு எது பெரிய சாவு என்று எனக்குத் தெரியவில்லை. எந்த ஆய்வகத்திலும் அதை அளக்க முடியாது.

(நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பத்திகளும் அதே கோப்பில்தான் இருக்கின்றன. அவர் வரிசையாக அச்சிட்டுக்கொண்டே போனால், பத்திரிகையில் வருவதற்கு முன்பே உப்பளம் இதைப் படித்துவிடும். வேலம்மாள் அக்கா, வணக்கம். வெற்றிச்செல்வன் பற்றிய வரியை மறந்துவிடுங்கள்.)

8

இன்று ஞாயிறு. பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். வயிற்றுவலி என்றேன்.

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. ஆட்கள் விடியற்காலையிலேயே பாத்தியில் இறங்கியிருப்பார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார். சாதாரணமாக உப்பளத்துக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுப் போவதில்லை. அம்மா அதைக் கவனித்துவிட்டு, பொண்ணு பாக்கப் போறியா என்று கேட்டார். தானும் கூட வந்து கேட்கப் போவதாக இப்போதுதான் சொன்னார். கதையில் யார் செத்தது என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

நான் அடுத்த அறையில் இருக்கிறேன். கதவு பாதி திறந்திருக்கிறது. மெஷின் விழித்துக்கொள்ளும் சத்தம் கேட்கிறது. உள்ளே ஏதோ இடமும் வலமும் ஓடி நிற்கிறது. அப்பா தாளை ஒழுங்காகத் தட்டி அடுக்கி வைக்கிறார். கோப்பைத் திறந்திருப்பார். எண் தட்ட வேண்டிய இடத்தில் விரலை வைத்திருப்பார்.

"எத்தினியாவது பக்கம், பாப்பா?"

இங்கிருந்தே சொல்ல வேண்டும். அவருக்குக் கேட்கும்படி, சத்தமாக.

நான்கா, ஐந்தா? நீங்கள் சொல்லுங்கள், நான் அதையே சொல்லிவிடுகிறேன். ஆனால் சீக்கிரம். அப்பா இரண்டாம் முறை கேட்கிறவரில்லை. தானாகவே எதையாவது அழுத்திவிடுவார்.